டிக்கெட் ஓரிடம், மைல் வேறிடம்

ஒரு விமான நிறுவனத்தின் வெப்சைட் திரும்பத் திரும்பக் காலை வாரிவிட்டு, பறந்ததற்குப் பரிசாகத் தரும், பின்னால் இலவச டிக்கெட்டாக மாற்றக்கூடிய மைல் என்ற புள்ளிகளும் கணக்கில் சேராமல் போனால், பெரும்பாலோர் எடுக்கும் முடிவு ஒன்றுதான்: இனி அந்தக் கம்பெனி பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை. கோபம் நியாயமானது. ஆனால் அதில் இரண்டு கேள்விகள் சிக்கிக் கிடக்கின்றன. டிக்கெட்டை எங்கே வாங்குவது என்பது ஒன்று. பறந்ததற்கான மைலை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்பது இன்னொன்று. ஒரே லாக்-இன்னுக்குள் இரண்டையும் வைத்திருப்பதால் நாமும் அவற்றை ஒன்றாகவே நினைத்துப் பழகிவிட்டோம். பல வருடம் ஒரே நிறுவனத்தோடு மல்லுக்கட்டிய பிறகு இரண்டையும் பிரித்துப் பார்த்தேன். ஒன்றுக்கு அதே நிறுவனம்தான் சரி என்றும், மற்றதற்கு வேறு இடம் என்றும் விடை வந்தது.

முதலில் டிக்கெட். வாங்க மூன்று வழிகள் இருக்கின்றன: நிறுவனத்தின் சொந்த வெப்சைட் அல்லது ஆப், எல்லா நிறுவனங்களின் டிக்கெட்டையும் விற்கும் ஆன்லைன் புக்கிங் தளம், பேசிப் புரியவைக்கக்கூடிய ட்ராவல் ஏஜென்ட். இவற்றை எல்லோரும் விலையை வைத்துத்தான் ஒப்பிடுகிறோம். அதைவிட முக்கியமானது, பயணம் குழம்பும் நாளில் அந்த டிக்கெட்டை மாற்றித் தரும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது என்பது.

இதற்கு ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். நமக்கு வரும் ஆறு எழுத்து பிஎன்ஆர் என்பது பயண விவரங்களைப் பதிந்துவைத்த குறிப்பு மட்டுமே. டிக்கெட் என்பது வேறு. அதற்கு 13 இலக்க எண் உண்டு. முதல் மூன்று இலக்கம் டிக்கெட் எந்த நிறுவனத்தின் பெயரில் போடப்பட்டது என்பதைச் சொல்லும்: ஏர் இந்தியாவுக்கு 098, எமிரேட்ஸுக்கு 176, சிங்கப்பூர் ஏர்லைன்ஸுக்கு 618. 2008 ஜூன் 1 முதல் விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டா காகித டிக்கெட்டை நிறுத்திவிட்டதால், இந்த எண்தான் இன்று டிக்கெட். பிஎன்ஆர் இருந்து இந்த எண் இல்லையென்றால் நம்மிடம் டிக்கெட் இல்லை.

ஆன்லைன் புக்கிங்கில் வயிற்றைக் கலக்கும் இடமும் இதுதான். ஓடிபி போட்டாகிவிட்டது. பணம் எடுத்ததாக வங்கியிலிருந்து மெசேஜும் வந்துவிட்டது. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது, அப்புறம் "ஏதோ தவறு நடந்துவிட்டது, மீண்டும் முயலவும்" என்று வருகிறது. மெயில் இல்லை, புக்கிங்கும் தெரியவில்லை. இருக்கையைப் பிடித்து வைப்பதும், பணத்தை எடுப்பதும், டிக்கெட் எண் போடுவதும் தனித்தனி சிஸ்டங்களின் வேலை. நடுவில் ஒன்று பதில் சொல்லத் தாமதித்தால் மிச்சம் எல்லாம் அந்தரத்தில் நிற்கும். அந்தப் பதற்றத்தில் உடனே மறுபடி பணம் கட்டினால் ஒரே ஆளுக்கு இரண்டு புக்கிங் ஆகிவிடும். அதை அவிழ்ப்பது முதல் சிக்கலைவிடப் பெரிய வேலை. திரையை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு, கஸ்டமர் கேரைக் கூப்பிட்டு ஒரே கேள்வி கேளுங்கள்: "டிக்கெட் எண் விழுந்துவிட்டதா?" விழுந்திருந்தால் மெயிலை மறுபடி அனுப்பச் சொன்னால் போதும். பிஎன்ஆர் மட்டும் இருக்கிறது என்றால், இருக்கையைப் பிடித்து வைத்திருக்கும் கெடு முடிவதற்குள் டிக்கெட் போடச் சொல்லி வற்புறுத்த வேண்டும். இல்லையென்றால் அந்த இருக்கை தானாகக் கைவிட்டுப் போகும்.

ஆட்களின் எண்ணிக்கையைக் கூட்டியதும் ஒருவருக்கான விலை ஏறிவிடுவதும் பலருக்கு எரிச்சல். ஒரே எகானமி வகுப்புக்குள் பல விலை அடுக்குகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து. மலிவான அடுக்கில் இரண்டு இருக்கைதான் மிச்சம், நீங்கள் மூன்று பேருக்குத் தேடுகிறீர்கள் என்றால், பொதுவாக மூன்று பேருக்கும் அடுத்த அடுக்கின் விலையே காட்டப்படும். ஒருவருக்கு மட்டும் தேடிப் பாருங்கள். விலை குறைந்தால் இரண்டு பேரை ஒரு புக்கிங்கிலும் மூன்றாமவரைத் தனியாகவும் போடலாம். சிறு குழந்தையோடு போகிறவர்கள் மட்டும் இதைச் செய்ய வேண்டாம். விமானம் மாறும்போது இரண்டு புக்கிங்கும் இரண்டு பக்கம் போய்விடலாம்.

இந்தத் தொல்லை எதுவும் வேண்டாம் என்று ஆன்லைன் புக்கிங் தளத்துக்குப் போனால் ஆரம்பத்தில் சுகமாகத்தான் இருக்கும். தேடல் வேகமானது, எல்லா நிறுவனங்களும் ஒரே பக்கத்தில் தெரியும், விலையும் சில சமயம் குறைவு. விமான நேரம் மாறும் நாளில்தான் வித்தியாசம் தெரியும். புக்கிங் அந்தத் தளத்தின் கையில் இருப்பதால், நிறுவனத்தைக் கேட்டால் "உங்கள் ஏஜென்ட்டிடம் பேசுங்கள்" என்பார்கள். தளத்தைக் கேட்டால் "நிறுவனத்தின் ஒப்புதலுக்குக் காத்திருக்கிறோம்" என்பார்கள். நேர மாற்றம் பற்றிய மெயில் தளத்தோடு நின்றுபோய் நமக்கு வராமலே போவதும் உண்டு. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சில தளங்கள் இரண்டு நிறுவனங்களின் தனித்தனி டிக்கெட்டை ஒட்டவைத்து ஒரே பயணம் போலக் காட்டி விற்கின்றன. முதல் விமானம் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால், இரண்டாவது நிறுவனத்துக்கு எந்தப் பொறுப்பும் இல்லை. பெட்டியையும் நாமே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டியிருக்கும்.

சட்டம் தரும் பாதுகாப்பு எங்கே வாங்கினாலும் ஒன்றுதானே என்று கேட்கலாம். சிலவற்றில் ஒன்றுதான். ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதி, அதன் வரம்புக்குள் வரும் விமானம் ரத்தானாலோ அதிகம் தாமதமானாலோ, விதிவிலக்கான காரணம் இல்லாதபட்சத்தில் தூரத்தைப் பொறுத்து 250 முதல் 600 யூரோ வரை இழப்பீடு தரச் சொல்கிறது. விமானத்தை இயக்கும் நிறுவனம்தான் தர வேண்டும். டிக்கெட் எங்கே வாங்கினோம் என்பது அங்கே கேள்வியே இல்லை. ஆனால் அமெரிக்காவின் 24 மணி நேர விதி அப்படி இல்லை. புறப்பட ஏழு நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது எடுத்த டிக்கெட்டை 24 மணி நேரத்துக்குள் அபராதமின்றி ரத்து செய்ய விட வேண்டும், அல்லது பணம் கட்டாமலேயே அந்த விலையில் 24 மணி நேரம் பிடித்து வைக்க விட வேண்டும் என்கிறது அது. இது விமான நிறுவனத்தைத்தான் கட்டுப்படுத்துகிறது, இடைத்தரகருக்குப் பொருந்தாது. பெயரில் ஓர் எழுத்துப் பிழையைப் பணம் கட்டியபின் கண்டுபிடிப்பவர்களுக்கு இந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று தெரியும்.

ட்ராவல் ஏஜென்ட்டும் இடைத்தரகர்தான். புக்கிங் அவர் கையில்தான் இருக்கும். ஆனால் கூப்பிட்டால் போனை எடுக்கும் ஒரு மனிதர் அங்கே இருக்கிறார். நாலைந்து ஊர் சுற்றும் பயணம், பெரிய குடும்பம், சக்கர நாற்காலி தேவைப்படும் முதியவர்கள், ஒற்றைப் பெயர் மட்டுமே உள்ள கடவுச்சீட்டு, இப்படி ஏதாவது இருந்தால் அவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் போகாது. ஒற்றைப் பெயர் விஷயத்தில் இதை அழுத்திச் சொல்வேன். குடும்பப் பெயர் என்று ஒன்றைப் போடாமல் வெப்சைட் அடுத்த பக்கத்துக்கே விடாது. ஒரு நிறுவனம் அதே பெயரை இரண்டு தடவை போடச் சொல்லும், இன்னொன்று வேறு மாதிரி கேட்கும். வேலை தெரிந்த ஏஜென்ட் இதைத் தினமும் பார்க்கிறவர்.

மற்றபடி, நேராகப் போய்வரும் பயணத்துக்கு, எவ்வளவு எரிச்சல் வந்தாலும் நிறுவனத்தின் சொந்தத் தளத்தில் வாங்குவதே மேல் என்பது என் தீர்மானம். தேடுவதை விலை ஒப்பிடும் தளத்தில் செய்யுங்கள், வாங்குவதை அங்கே செய்ய வேண்டாம். ஆப் திணறினால் கணினியில் பிரவுசரைத் திறந்து பாருங்கள். அதுவும் முடியாவிட்டால் போனிலேயே டிக்கெட் போடச் சொல்லலாம். வெப்சைட் கோளாறுதான் காரணம் என்று எடுத்துச் சொன்னால் போன் புக்கிங் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் நிறுவனங்களும் உண்டு. கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

மைல் விஷயத்தில் என் முடிவு இதற்கு நேர் எதிர்.

இன்று நாம் பார்க்கும் மைல் திட்டங்களின் மாதிரி 1981 மே 1 அன்று அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தொடங்கிய அட்வான்டேஜ். சில நாட்களில் இன்னொரு அமெரிக்க நிறுவனமான யுனைடெட்டும் தன் திட்டத்தை அறிவித்தது. கணக்கு அப்போது எளிது: ஒரு மைல் பறந்தால் ஒரு மைல். இத்தனை மைல் சேர்ந்தால் இந்த ஊருக்கு இலவச டிக்கெட் என்று அச்சிட்ட பட்டியலும் இருந்தது. அந்த எளிமை இரண்டு பக்கத்திலும் போய்விட்டது.

முதலில் சேர்க்கும் பக்கம். 2015-ல் டெல்டா என்ற அமெரிக்க நிறுவனமும் யுனைடெட்டும், 2016-ல் அமெரிக்கனும் பறந்த தூரத்தை விட்டுவிட்டுக் கட்டிய பணத்துக்கு மைல் தரத் தொடங்கின. வரி நீங்கலான கட்டணத்தில் டாலருக்கு 5 மைல் என்பது அப்போது சாதாரண உறுப்பினரின் கணக்கு. நிறையப் பறந்து உயர்நிலைத் தகுதி பெற்ற உறுப்பினருக்கு 11 வரை. போக வர 10,000 மைல் பறக்கும் பயணி 600 டாலர் அடிப்படைக் கட்டணத்தில் டிக்கெட் வாங்கியிருந்தால், பழைய முறையில் 10,000 மைல் கிடைத்திருக்கும். புதிய முறையில் 3,000. நீண்ட தூரத்தை மலிவு டிக்கெட்டில் பறப்பவர்களுக்குத்தான் இதில் பலத்த அடி. கம்பெனி செலவில், கடைசி நேரத்தில், விலை உயர்ந்த டிக்கெட்டில் குறுகிய தூரம் பறப்பவர்களுக்கு லாபம்.

செலவழிக்கும் பக்கம் இன்னும் மோசம். டெல்டா 2015-ல் இலவச டிக்கெட் பட்டியலைத் தன் தளத்திலிருந்து எடுத்தது, யுனைடெட் 2019 நவம்பரில் எடுத்தது. அதன்பின் ஓர் இருக்கைக்கு எத்தனை மைல் என்பது தேதியையும் தேவையையும் பார்த்து மாறுகிறது. நான் பறக்கும் நிறுவனத்திலும் இதே கதைதான். ஒரு தேதிக்கு எத்தனை மைல் என்று பார்த்து, அதற்காகச் சேர்த்து, கணக்கு நிறைந்ததும் போய்த் தேடினால், கேட்கும் மைல் எட்ட முடியாத உயரத்துக்குப் போயிருக்கிறது. புகார் எழுதினால் விதிமுறைகளின் சுட்டியைத் தாங்கிய ஒரு பதில் வருகிறது. பல வருடம் மற்றவர்களை விட்டுவிட்டு அவர்களிடமே வாங்கியவனுக்கு அந்தப் பதில் வலிக்கத்தான் செய்கிறது.

அந்த விதிமுறைகளில் உண்மை இருக்கிறது: மைல் நம்முடைய சொத்து அல்ல, எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று அவர்கள் எழுதியே வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவின் நார்த்வெஸ்ட் விமான நிறுவனம் 2008-ல் ஒரு பயணியின் உயர்நிலை உறுப்பினர் தகுதியைப் பறித்தது. அடிக்கடி புகார் செய்கிறார் என்பது காரணம். நிறுவனம் நல்லெண்ணத்தோடு நடந்துகொள்ளவில்லை என்று அவர் தொடுத்த வழக்கை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரலில் ஒருமனதாக ஏற்க மறுத்தது. 1978-ன் விமானக் கட்டுப்பாட்டு நீக்கச் சட்டம் அப்படிப்பட்ட வாதத்துக்கு இடம் தரவில்லை என்பது தீர்ப்பு. இன்னொரு பக்கம், கொரோனா காலத்தில் 2020-ல் டெல்டா தன் மைல் திட்டத்தையே அடமானமாக வைத்து 900 கோடி டாலர் திரட்டியது, 2021-ல் அமெரிக்கன் 1,000 கோடி டாலர். அவ்வளவு மதிப்புள்ள ஒன்றில் நம் பங்குக்கு உத்தரவாதம் எதுவும் இல்லை.

சரி, அப்படியானால் மைலை என்ன செய்வது? அதே திட்டத்தில் இருப்பது முதல் வழி. வருடத்தின் பெரும்பகுதி ஒரே நிறுவனத்தில் பறந்து, உயர்நிலைத் தகுதியால் விமான நிலைய ஓய்வறையான லவுஞ்ச், கூடுதல் பெட்டி, நல்ல இருக்கை எல்லாம் தவறாமல் கிடைக்கிறவர்கள் இருக்கலாம். அவர்களுக்குப் பலன் மைலில் இல்லை, பறக்கும் ஒவ்வொரு நாளும் கைக்கு வந்துகொண்டிருக்கிறது. அடுத்த தகுதிக்கு இன்னும் கொஞ்சம்தான் குறைகிறது என்பதற்காகத் தேவையில்லாத பயணம் போகிறவர்களுக்கு நான் இந்த வழியைச் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது வழி அதிகம் பேருக்குத் தெரியாதது, எனக்குப் பிடித்தது. அதே விமானத்தில் பறந்து, மைலை அதன் கூட்டணியில் இருக்கும் வேறொரு நிறுவனத்தின் திட்டத்தில் சேர்க்கலாம். ஸ்டார் அலையன்ஸ் 1997-லும், ஒன்வேர்ல்ட் 1999-லும், ஸ்கைடீம் 2000-லும் தொடங்கிய அப்படிப்பட்ட கூட்டணிகள். ஒரு கூட்டணிக்குள் நீங்கள் யாரோடு பறந்தாலும் பெரும்பாலும் யாருடைய உறுப்பினர் எண்ணை வேண்டுமானாலும் கொடுக்கலாம். எண்ணை மாற்ற ஒரு நிமிடம் போதும். செக்-இன் கவுன்ட்டரில் சொன்னாலும் மாற்றித் தருவார்கள். ஒரு விமானத்துக்கு ஒரு திட்டத்தில்தான் மைல் ஏறும் என்பது மட்டும் நினைவிருக்கட்டும்.

இதில் என்ன லாபம்? கூட்டணியில் இருக்கும் பங்காளி நிறுவனங்களின் விமானங்களுக்குத் தூரத்தை வைத்தே மைல் தரும் திட்டங்கள் இன்னும் இருக்கின்றன. மேலே சொன்ன 10,000 மைல் பயணம் பறந்த தூரத்தில் 50 சதவீதம் தரும் விலை வகுப்பில் இருந்தால் 5,000 மைல். 25 சதவீத வகுப்பானால் 2,500. பழைய இடத்திலேயே கொஞ்சம் அதிகம் கிடைத்திருக்கும். சில மலிவு வகுப்புகளுக்கு ஒன்றுமே கிடையாது. எல்லாம் டிக்கெட்டில் விலை அடுக்கைக் குறிக்கும் அந்த ஓர் எழுத்தைப் பொறுத்தது. வாங்கும் முன் அந்த எழுத்தைப் பார்த்து, சேர்க்கப்போகும் திட்டத்தின் அட்டவணையோடு ஒத்துப் பாருங்கள். செலவழிக்கும் பக்கத்திலும் பலன் உண்டு: சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையர் திட்டம், ஜப்பானிய விமான நிறுவனமான ஏஎன்ஏவின் திட்டம் போன்றவை பங்காளி விமானங்களுக்கு எத்தனை மைல் என்று இன்னும் பட்டியல் வெளியிடுகின்றன. பட்டியல் மாறாது என்றில்லை. ஆனால் எதை நோக்கிச் சேர்க்கிறோம் என்பதாவது தெரியும்.

தகுதி விஷயத்தில் ஒரு விநோதம்கூட இருக்கிறது. யுனைடெட்டின் சொந்தத் திட்டத்தில் கோல்ட் என்ற உயர்நிலைத் தகுதி பெற்றவர் அமெரிக்காவுக்குள் மட்டும் பறக்கும்போது அந்தத் தகுதியை வைத்து யுனைடெட் லவுஞ்சுக்குள் போக முடியாது. வேறொரு ஸ்டார் அலையன்ஸ் நிறுவனத்தில் கோல்ட் வாங்கியவர் அதே விமானத்துக்கு, அதே லவுஞ்சுக்குள் போகலாம். பல ஆண்டுகளாக இருக்கும் விதி இது.

குறைகளையும் சொல்லிவிட வேண்டும். மைல் ஏறாமல் போனால் பறந்த நிறுவனமும் சேர்த்த நிறுவனமும் ஒருவரையொருவர் கைகாட்டலாம். அதனால் மைல் ஏறும்வரை போர்டிங் பாஸையும் டிக்கெட் எண்ணையும் பத்திரமாக வையுங்கள். பின்னால் கேட்டு வாங்கச் சில மாதக் கெடுதான் தருவார்கள். கணக்கில் இருக்கும் பெயரும் டிக்கெட்டில் இருக்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பங்காளி விமானத்தில் இலவச இருக்கை இருப்பதாகத் தளம் காட்டும், கடைசிப் பக்கத்தில் இல்லை என்று சொல்லும்; பழைய தகவலைக் காட்டியதால் வரும் கோளாறு இது. இலவச டிக்கெட் என்ற பெயரில் நிறுவனம் போடும் கூடுதல் கட்டணம் சில திட்டங்களில் கணிசமாக இருக்கும். காலாவதியும் திட்டத்துக்குத் திட்டம் வேறுபடும்: டெல்டா, யுனைடெட் மைல்கள் காலாவதியாவதில்லை, கிரிஸ்ஃப்ளையர் மைலுக்கு மூன்று வருடம்தான் ஆயுள்.

மூன்றாவது வழி வங்கியின் கிரெடிட் கார்டு பாயின்ட். பல விமானத் திட்டங்களுக்கு மாற்றக்கூடிய பாயின்ட் என்றால், எந்த ஒரு நிறுவனத்தின் மனமாற்றமும் நம்மை முழுதாகப் பாதிக்காது. ஆனால் மாற்றியது பெரும்பாலும் திரும்பி வராது. அதனால் தேவையான இருக்கை இருப்பதை உறுதி செய்த பிறகுதான் மாற்ற வேண்டும். மாதாமாதம் கார்டு பாக்கியை முழுதாகக் கட்டாதவர்கள் இந்த வழிக்கே வர வேண்டாம். வட்டி எல்லாவற்றையும் தின்றுவிடும்.

நான்காவது வழி, மைலையே மறந்துவிட்டு நேரமும் விலையும் ஒத்துவரும் விமானத்தில் போவது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை பறப்பவர்களுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன். அவர்களுக்கு மைலால் வருவது சொற்பம். அதற்காக வசதியில்லாத நேரத்தில், ஊர் சுற்றிப் போகும் விமானத்தில் ஏறுவதால் போவது அதிகம். உறுப்பினர் எண்ணைக் கொடுக்கத் தடையில்லை, முடிவை அது நடத்தக் கூடாது.

நான் இப்போது செய்வது இதுதான். டிக்கெட்டை அதே நிறுவனத்தின் தளத்தில்தான் வாங்குகிறேன், திட்டிக்கொண்டாவது. மைலைக் கூட்டணியில் இருக்கும் இன்னொரு திட்டத்தில் சேர்க்கிறேன். சேர்த்து வைப்பதையும் குறைத்துக்கொண்டேன். மைல் திறந்துவைத்த கற்பூரம் போலத்தான், பார்த்துக்கொண்டிருக்கும்போதே கரையும். ஓர் ஒருவழிப் பயணத்துக்குப் போதுமான அளவு வந்ததும் செலவழித்துவிடுகிறேன்.

பழைய கணக்கில் மைல் மிச்சம் இருந்தால் கோபத்தில் கணக்கை மூடாதீர்கள், மூடினால் எல்லாம் போய்விடும். காலாவதித் தேதியைப் பாருங்கள். மைலைக் கொடுத்து மிக்சியும் கைப்பையும் வாங்கத் தூண்டுவார்கள். மைலுக்கு மிகக் குறைந்த மதிப்பு பெரும்பாலும் அங்கேதான். அதே நிறுவனத்தின் குறுகிய தூர விமானத்தில் ஓர் இருக்கைக்கு எத்தனை மைல் என்று முதலில் தேடுங்கள். அதே இருக்கையின் பண விலையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பண விலை எகிறியும் மைல் கணக்கு ஏறாமலும் இருக்கும் நாள் கிடைத்தால் அன்றே எடுத்துவிடுங்கள். நீங்கள் போக வேண்டிய வேலை இல்லையென்றால் வீட்டில் இன்னொருவருக்குப் போடலாம். பல திட்டங்கள் அதை அனுமதிக்கின்றன, சில மட்டும் அவர்கள் பெயரை முன்கூட்டியே பதிந்துவைக்கச் சொல்லும்.